ஓஹையோவின் நேரம் தெரிந்தவர்கள்

ஓஹையோ மாநிலத்தில் வாக்குச்சாவடிகள் மாலை ஏழரைக்கு மூடப்படும். சுவிஸ் மணிக்கூட்டில் அது மறுநாள் அதிகாலை ஒன்றரை. புளோரிடாவின் பெரும்பகுதி ஒரு மணிக்கு மூடிவிடும். அதன் வடமேற்கு மூலை வேறு நேர வலயத்தில் இருப்பதால் அங்கே இரண்டு மணியாகும். கலிபோர்னியா ஐந்து மணிக்கு. இவற்றை நான் தேடிப் படித்ததில்லை. சோலோதுர்ன் நகரிலிருந்து பேருந்தில் பன்னிரண்டு நிமிடத் தொலைவில் இருக்கிற எங்கள் ஊரில், ஐந்து தமிழ் ஆண்கள் இந்த நேரங்களை மனப்பாடமாக வைத்திருந்தார்கள். அவர்களோடு பழகினால் தடிமன் தொற்றுவதுபோல இதுவும் தொற்றும்.

ஐவருமே சுவிஸ் குடியுரிமை பெற்றவர்கள். அவர்களுக்குத் தலைவர்போல இருந்தவர் பீல் நகரத்தில் மணிக்கூட்டு உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தவர். உருப்பெருக்கிக் கண்ணாடியை ஒரு கண்ணில் மாட்டிக்கொண்டு, மயிரிழை அளவு வில்லுகளில் குறை இருக்கிறதா என்று நாள் முழுக்கப் பார்ப்பது அவருடைய தொழில். எல்லோருக்கும் அவர் பீல் அண்ணை. அடுத்தவர் இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை. ஞாயிறு பிற்பகல் ரயிலேறி வீட்டுக்கு வருவார். பீல் அண்ணை எதைச் சொன்னாலும் ஒரு கேள்வி கேட்டு அதை இன்னும் நீளமாக்குவது அவருடைய பங்கு. மற்ற மூவரும் தலையாட்டிகள். ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு பீல் அண்ணை வீட்டு வரவேற்பறையில் கூட்டம் கூடும். நானும் போவேன். தேநீர் நன்றாக இருக்கும்.

எனக்குத் திகதி குறித்து வைக்கும் பழக்கம் உண்டு. எந்தச் சொல் அந்த வரவேற்பறைக்குள் எப்போது வந்தது என்பதை என் நாட்குறிப்புகளிலிருந்து எடுத்துச் சொல்லமுடியும். பதவியேற்பு என்ற சொல் 2009 ஜனவரி 20, செவ்வாய்க்கிழமை வந்தது. வாஷிங்டனில் நண்பகல், இங்கே மாலை ஆறு மணி. பீல் அண்ணை தொலைக்காட்சிக்கு முன்னால் எழுந்து நின்று அதைப் பார்த்தார். அதைத் தொடர்ந்து செனட், பிரதிநிதிகள் சபை, வீட்டோ, தீர்மானம் எல்லாம் வரிசையாக வந்தன.

அந்த ஆண்டின் முதல் மாதங்களில் அவை வந்ததற்குக் காரணம் இருந்தது. வன்னியில் சனங்கள் கடற்கரை மணலில் ஒடுக்கப்பட்டுக் கிடந்தார்கள். அமெரிக்கா கப்பல் அனுப்பும் என்று ஒரு கதை ஓடியது. ஜெனீவாவில் குளிருக்குள் நின்றோம். கண்ணால் கண்டிராத செனட்டர்களுக்குக் கடிதம் எழுதினோம். ஒரு செனட்டருக்கு எந்தக் குழுவில் இடம், எவர் சொன்னால் எவர் கேட்பார் என்று அந்த ஐவரும் இராப்பகலாகப் படித்தார்கள். அந்தக் கடிதங்களை நான் ஏளனம் செய்யமாட்டேன். அவற்றில் என் கையெழுத்தும் இருக்கிறது. கப்பல் வரவில்லை. மே மாதத்தோடு தேவை போய்விட்டது. சொற்கள் மட்டும் போகாமல் தங்கிவிட்டன. பிறகு அவற்றுக்கு வேலையும் இல்லை, வெட்கமும் இல்லை.

"செனட்டில நூறு பேர்," என்று பீல் அண்ணை தொடங்குவார். "ஐம்பது மாநிலம். சின்னதோ பெரிசோ, ஒவ்வொண்டுக்கும் ரெண்டு பேர். ஆறு வருஷம். ரெண்டு வருஷத்துக்கொருக்கா மூண்டில ஒரு பங்கு மாறும். விளங்குதோ?"

"அப்ப ஜனாதிபதியைச் சனம் நேர தெரியிறேல்லையோ அண்ணை?" என்பார் இன்டர்லாக்கன் சமையல்காரர். பதில் அவருக்கு நன்றாகத் தெரியும்.

"இல்லை! அதுக்குத்தான் எலெக்டோரல் கொலிஜ். ஐந்நூற்று முப்பத்தெட்டுத் தேர்வாளர்கள். இருநூற்றெழுபது எடுத்தவன் ராசா. சனத்தின்ர வாக்கு கூட எடுத்தும் தோக்கலாம்."

"அங்க ஒரு கட்சிக்கு யானைச் சின்னம் எண்டுறது, இலங்கைத் தேர்தலில வாற எங்கட யானையோ?"

"அது வேற யானை."

ஒவ்வொரு ஞாயிறும் இப்படி. ஊசலாடும் மாநிலம், உட்கட்சித் தேர்தல், துணை வேட்பாளர், எல்லையை வளைத்துத் தொகுதி வெட்டுவது, சட்டமூலத்தைப் பேசிப் பேசியே சாகடிப்பது. தோற்றும் பதவியில் குந்தியிருக்கிற சனாதிபதிக்கு நொண்டி வாத்து என்று பெயர். இவற்றைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று என்னைக் கேட்பார்கள். சொல்வேன். "சரிவராது ஐசே, இங்கிலீசிலயே இருக்கட்டும்" என்பார்கள்.

ஒருமுறை பொறுக்கமுடியாமல் கேட்டேன்: "எங்கட மாநிலத்துக்கு ஆர் அந்த ரெண்டு பேர்?"

"எங்கட மாநிலமோ?" என்றார் பீல் அண்ணை.

"சோலோதுர்ன். இஞ்சையும் கன்டோனுக்கு ரெண்டு பேர் தலைநகர் பேர்ணுக்குப் போகினம்."

அவர் தேநீரை ஒரு மிடறு குடித்தார். "அவையள் சும்மா ஆக்கள் ஐசே."

இந்த நாட்டுக்காரர்கள் 1848இல் அரசியலமைப்பு எழுதியபோது இரண்டு அவைகள் என்ற ஏற்பாட்டை அமெரிக்காவைப் பார்த்துத்தான் எடுத்தார்கள். மக்களுக்கு ஓர் அவை, கன்டோன்கள் என்ற மாநிலங்களுக்கு ஓர் அவை. இங்கே ஏழு பேர் சேர்ந்து ஆள்கிறார்கள். சனாதிபதிப் பதவி ஆண்டுக்கொருவராகச் சுற்றிவரும். அந்த ஐவரில் ஒருவருக்கும் அந்த ஆண்டின் சனாதிபதி ஆணா பெண்ணா என்பதே தெரியாது. பார்க்கப்போனால் அமெரிக்கர்களுக்கு நான்கு ஆண்டுக்கொருமுறை வரும் உரிமை எங்களுக்கு ஆண்டுக்கு நான்கு முறை வீட்டுக்கே வரும். தடித்த கடித உறை. உள்ளே வாக்குச்சீட்டு, விளக்கப் புத்தகம், கையெழுத்து வைக்கும் அட்டை. முத்திரைச் செலவுகூட வேண்டாம். நடந்துபோகிற வழியில் கெமைன்ட என்கிற ஊராட்சி அலுவலகப் பெட்டிக்குள் போட்டால் போதும்.

எங்கள் ஊரில் பழைய கடதாசிகளை நூலால் கட்டி வாசலில் வைக்கவேண்டும். மாதமொரு முறை வண்டி வந்து எடுக்கும். 2009 நவம்பர் 29, பள்ளிவாசல்களுக்கு மினாரெட் கோபுரம் கட்டுவதைத் தடைசெய்யும் வாக்கெடுப்பு. அதற்கு அடுத்த கடதாசி நாளில் பீல் அண்ணை வீட்டு வாசலில் இருந்த கட்டைப் பார்த்தேன். சிறப்பங்காடி விளம்பரங்களுக்கு இடையில் அந்த உறை, கிழிக்கப்படாமல். கேட்டதற்கு, "அது சோனகருக்கு ஐசே, எங்களுக்கென்ன?" என்றார். 2014 பெப்ரவரி 9, குடிவரவைக் கட்டுப்படுத்தும் வாக்கெடுப்பு. நாடு முழுவதிலும் இருபதாயிரத்துக்கும் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் அது வென்றது. குடிவரவு எங்களுக்கும்தான். அந்த மாதமும் உறை விளம்பரங்களுக்கு நடுவில் இருந்தது. அந்த ஞாயிறு மாலை வரவேற்பறையில், அவ்வாண்டு நவம்பரில் அமெரிக்க செனட் யார் கைக்குப் போகும் என்று விவாதம் நடந்துகொண்டிருந்தது.

எங்கள் ஊர் முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராக வேலை செய்த ஒரு பெண்ணைப் பற்றி இனிச் சொல்லவேண்டும். மட்டக்களப்புப் பக்கத்தவர். அகதியாக வந்து, N, F, B என்று ஒவ்வொரு எழுத்து வதிவிட அனுமதியாகத் தாண்டி, நிரந்தர வதிவிட அனுமதி எடுத்தவர். வாக்கெடுப்புக்கு முந்திய நாட்களில் இல்லத்து முதியவர்கள் தங்கள் உறைகளை ஒட்டிக் கையெழுத்திட்டு அவரிடம் கொடுப்பார்கள். வேலை முடிந்து போகும்போது கெமைன்ட பெட்டியில் போடச்சொல்லி. பல ஆண்டுகள் அப்படிச் சுமந்தார். ஒருநாள் பெட்டிக்கருகே அவரைக் கண்டேன். கைப்பை நிறைய உறைகள்.

"இவ்வளவும் உமக்கோ?" என்றேன் பகிடியாக.

"எனக்கு ஒண்டும் இல்ல அண்ணன்," என்றார். "தொண்ணூற்றாறு வயசு மனுசி, கை நடுங்க நடுங்கக் குறி போட்டுத் தாறா. எனக்கும் ஒண்டு வரவேணும். அதுக்குத்தான் விண்ணப்பம் போட்டிருக்கன்."

அவருக்கு வேண்டியிருந்தது அதுதான். அதைத் தவிர வேறு காரணம் எதையும் அவர் என்னிடம் சொன்னதில்லை.

எங்கள் ஊரில் குடியுரிமை கொடுப்பது பூர்கர்கெமைன்ட என்ற சபை. ஊரின் காட்டுக்குச் சொந்தக்காரர்களான பழைய குடும்பங்களின் சபை அது. இந்த ஊரில் குடியுரிமை எடுத்தவர் எவரும் அதில் உறுப்பினராகிவிடுவார். ஆகவே நானும் அந்த ஐவரும்கூட அந்தக் காட்டுக்கு உரிமையாளர்கள்தான். சபை ஆண்டுக்கு இரண்டுமுறை, யூனிலும் டிசம்பரிலும், பாடசாலை மண்டபத்தில் கூடும். அங்கே தபால் வாக்கு கிடையாது. வந்திருப்பவர் கையுயர்த்தவேண்டும், வராதவருக்குக் கையில்லை. அந்தப் பெண்ணுக்காகக் கையுயர்த்தக்கூடிய முதியவர்களோ படுக்கையில் இருந்தார்கள்.

2016 நவம்பரில் ஒரு ஞாயிறு அவர் பீல் அண்ணை வீட்டுக்கு அழைப்புக் கடிதத்தின் பிரதியோடு வந்தார். தேர்தலுக்கு இரண்டு நாள்தான் இருந்தது. மேசையில் அமெரிக்க மாநிலங்களின் வரைபடம். நீலமும் சிவப்பும் பென்சிலால் தீட்டியது. பீல் அண்ணை 9ஆம் திகதி புதன்கிழமைக்கு வேலைத்தலத்தில் ஏற்கெனவே விடுப்பு எடுத்துவிட்டார்.

"டிசம்பர்ல கூட்டம் இருக்கு அண்ணன். என்ர விண்ணப்பம் அதுல வருது. யாரோ ஒராள் எதிர்க்கப்போறாராம் எண்டு இல்லத்தில கதைக்கிறாங்க. நீங்க எல்லாரும் வரவேணும்."

"என்ன கதை தங்கச்சி இது! அஞ்சு வோட்டும் உமக்குத்தான். நாங்கள் உம்மட சேஃப் ஸ்டேட்!" என்றார் பீல் அண்ணை. மற்றவர்கள் சிரித்தார்கள். சேஃப் ஸ்டேட் என்றால் வேட்பாளர் எட்டிப்பார்க்காவிட்டாலும் விழுகிற மாநிலம் என்று சமையல்காரர் அவருக்கு விளக்கம் சொன்னார்.

"ஏழரைக்கு, அண்ணன்," என்றார் அந்தப் பெண்.

"ஏழரைக்கு."

நவம்பர் 9 காலை எட்டரை மணியளவில் முடிவு தெரிந்தது. நான் ஒன்பது மணிக்கு பாண் வாங்கப் போனபோது பீல் அண்ணை தெருவில் நின்றார். கண்கள் சிவந்து, முகம் வீங்கி, ஒரு மரணவீட்டிலிருந்து வந்தவர்போல இருந்தார். ஒன்றுக்குப் புளோரிடா, ஒன்றரைக்கு ஓஹையோ, இரண்டுக்கு அந்த வடமேற்கு மூலை. ஒரு நிமிடத்தைக்கூடத் தவறவிடவில்லை என்று சொன்னார். நம்பினேன்.

டிசம்பர் கூட்டத்துக்கு நான் ஏழு இருபதுக்குப் போனேன். தேவாலயத்தில் ஏழரை மணி அடித்து ஓய்வதற்குள் சபைத் தலைவர் எழுந்து நின்றுவிட்டார். முதலில் வாக்கு எண்ணுவதற்கு இருவரைத் தெரிந்தார்கள். பிறகு கடந்த கூட்டத்தின் அறிக்கை. பிறகு காட்டுப் பொறுப்பாளர் மரப்பட்டை வண்டைப் பற்றிப் பேசினார். தேவதாரு மரங்கள் எத்தனை விழுந்தன என்று படம் காட்டினார். நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காவது விடயமாகக் குடியுரிமை வந்தது. விண்ணப்பித்த பெண் மண்டபத்துக்கு வெளியே போய் நடைகூடத்து வாங்கில் இருக்கவேண்டும் என்பது வழக்கம். போனார்.

துப்பாக்கிச் சங்கத்தைச் சேர்ந்த ஒருவர் எழுந்தார். இந்தப் பெண் ஊரில் எந்தச் சங்கத்திலும் இல்லை, ஊர்த் திருவிழாக்களில் எவரும் இவரைக் கண்டதில்லை, ஆகவே ஊரோடு இணையவில்லை, மறுக்கவேண்டும் என்றார். முதியோர் இல்லத்தில் தாயை வைத்திருக்கும் ஓர் ஆசிரியை எழுந்து அந்த மறுப்புக்கு எதிராகப் பேசினார். நானும் எழுந்து என்னால் முடிந்த ஜெர்மனில் இரண்டு வசனம் சொன்னேன். கைகளை எண்ணினார்கள். மூன்று கைகள் குறைந்து அவர் தோற்றார். நேரம் எட்டு மணி ஐந்து நிமிடம்.

எட்டு முப்பத்தைந்துக்கு ஐவரும் வந்தார்கள். மினுக்கிய சட்டை, சென்ட் வாசம். சமையல்காரர் கையில் ஒரு தட்டு, அலுமினியத் தாளால் மூடியது, ரோல்ஸ். கூட்டம் கலைந்து, உள்ளே சனங்கள் கிண்ணங்களில் வெள்ளை வைனோடு நின்றார்கள். நான் அந்தப் பெண்ணோடு நடைகூடத்து வாங்கில் இருந்தேன்.

"என்ன, இன்னும் தொடங்கேல்லையோ?" என்றார் பீல் அண்ணை.

"முடிஞ்சுது."

"முடிஞ்சுதோ? ஏழரை எண்டு போட்டால் எட்டரைக்குத்தானே தொடங்குவினம்?"

"ஆர் தொடங்குவினம்?"

"ஆரெண்டால்… கலியாணம், பூப்புனித நீராட்டு, எல்லாம் அப்பிடித்தானே ஐசே."

"இது கலியாணமோ?"

இதைத்தான் என்னால் மன்னிக்கமுடியவில்லை. எங்கள் விழாக்களில் அழைப்பிதழ் போடுகிறவர் ஒரு மணி நேரம் கழித்து வருவார்கள் என்று முன்னுக்குப் போடுவார்; வருகிறவர் முன்னுக்குப் போட்டிருப்பார் என்று ஒரு மணி நேரம் கழித்து வருவார். இருதரப்பும் சேர்ந்து ஆடும் ஆட்டம். அதனால் எவருக்கும் நட்டமில்லை. ஆனால் உதிரிப்பாக வில்லில் ஒரு நொடியின் பங்கைத் தேடிப் பிடிக்கிற மனிதர், ஏறக்குறைய எட்டாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் ஒரு மாநிலத்தின் மூலை வேறு நேர வலயத்தில் இருக்கிறது என்பதை அறிந்து அதற்கு விழித்திருந்த மனிதர், வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளியிருக்கிற பாடசாலைக்கு அந்த ஆட்டத்தைக் கொண்டுவந்தார்.

"எத்தினையால தோத்தது?" என்று சமையல்காரர் மெதுவாகக் கேட்டார்.

"மூண்டு."

அவர் தன் ஆட்களைத் தலையால் எண்ணினார். ஐந்து. எண்ணிவிட்டு, தட்டை வாங்கில் வைத்தார்.

பீல் அண்ணைக்கு அந்தக் கணக்கு உறைக்கவில்லை. "மூண்டுதானே! அப்ப ரீகவுன்ட் கேக்கலாம்."

"எண்ணினதில பிழையில்லை. எண்ணேக்க நீங்கள் இல்லை."

"சரி, விடும். இதோட முடிஞ்சுதெண்டு நினைக்காதையும் தங்கச்சி," என்று அவர் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினார். "அமெரிக்காவில பாரும், சனத்தின்ர வாக்கைக் கூட எடுத்தவ எலெக்டோரல் கொலிஜில தோத்திட்டா. அவ என்ன, அழுதுகொண்டோ இருக்கிறா?"

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து மேலங்கியைப் போட்டார். "அவவுக்கு நாளைக்குக் காலம ஆறு மணிக்கு வேல இல்ல அண்ணன்," என்றார். ரோல்ஸ் தட்டை எடுத்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மேன்முறையீட்டுக்குப் பத்து நாள் இருந்தது. அவர் மறுநாள் வேலை முடிந்து ஒரு காலணிப் பெட்டியோடு என் வீட்டுக்கு வந்தார். பெட்டிக்குள் பல ஆண்டுகளின் வேலை நேர அட்டவணைகள், ஒன்றைக்கூட எறிந்ததில்லை. ஊர்த் திருவிழா, ஓகஸ்ட் முதலாம் திகதி வாணவேடிக்கை, துப்பாக்கிச் சங்கத்தின் கோடைகால விருந்து, அறுவடைப் பூசை: ஒவ்வொரு திகதியிலும் அவருக்குப் பகல்வேலை அல்லது மாலைவேலை போடப்பட்டிருந்தது. ஊர் கொண்டாடியபோது ஊரின் தாய்தகப்பன்மாரைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் திகதிகளை வரிசைப்படுத்தினேன். ஆசிரியை ஜெர்மனைத் திருத்தினார். பீல் அண்ணையும் உதவி செய்ய முன்வந்தார். உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது நீதியரசர்கள், வாழ்நாள் பதவி என்று எங்களுக்குச் சொல்லித்தந்தார். எந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் என்று நான் கேட்கவில்லை.

இளவேனிலில் கன்டோன் பதிலெழுதியது: மறுப்புக்குச் சொன்ன காரணம் போதாது, சபை திரும்பவும் முடிவெடுக்கவேண்டும். திகதி யூன் கூட்டத்துக்குப் போடப்பட்டது.

அந்தக் கூட்டத்துக்கு முன்னால் நான் ஒரு வேலை செய்தேன். அதை இங்கே எழுதாமல் விட்டால் மிச்சமெல்லாம் பொய்யாகிவிடும். என் நாட்குறிப்பில் ஏழரை என்று எழுதினேன். ஐவருக்கும் அனுப்பிய செய்தியில் ஆறரை என்று எழுதினேன்.

ஏழு இருபத்தைந்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

"பிந்திப்போச்சோ?" என்றார் சமையல்காரர், மூச்சு வாங்க.

"இல்லை. இப்பதான் தொடங்குது," என்றேன்.

பீல் அண்ணை முகம் மலர்ந்தது. மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். "சொன்னன் எல்லோ! ஆறரை எண்டு போட்டால் ஏழரைக்குத்தான் தொடங்குவினம். வெள்ளைக்காரனும் இப்ப எங்களைப்போலத்தான். போன முறை ஏதோ அவசரத்தில முந்தீட்டாங்கள்."

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்கவேண்டும். கையில் ஐந்து கைகளைப் பிடித்து வைத்திருந்ததால் அதைக் கெடுக்க விரும்பவில்லை.

கன்டோனின் கடிதத்தை வாசித்தார்கள். வேலை அட்டவணைத் திகதிகளையும் தலைவர் ஒவ்வொன்றாக வாசித்தார். துப்பாக்கிச் சங்க விருந்துத் திகதி வந்தபோது அந்த மனிதர் தன் சப்பாத்தைப் பார்த்தார். எதிர்ப்பிரேரணை வரவில்லை. எண்ணத் தேவையே இல்லாமல் மண்டபம் முழுக்கக் கை எழுந்தது. அந்த ஐந்து கைகள் இல்லாவிட்டாலும் வென்றிருக்கும். பீல் அண்ணை வெளியே வந்து, "லான்ட்ஸ்லைட்!" என்று அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஏதோ தேர்தல் பிரசாரத்தைத் தானே நடத்தி முடித்தவர்போல அன்றைக்கு வைனும் குடித்தார்.

கன்டோனும் பேர்ணும் தங்கள் முத்திரைகளைக் குத்தி முடிக்க அடுத்த ஆண்டாகிவிட்டது. முதல் உறை வந்த அன்று அந்தப் பெண் எனக்குத் தொலைபேசி எடுத்தார். விளக்கப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வாசித்ததாகவும் ஒரு பக்கம் விளங்கவில்லை என்றும் சொன்னார். பணத்தை யார் உருவாக்குவது என்பது பற்றிய வாக்கெடுப்பு அது. எனக்கும் அந்தப் பக்கம் விளங்கியிருக்கவில்லை.

2018 நவம்பர் 6 அமெரிக்க இடைக்காலத் தேர்தல். வரவேற்பறையில் மறுபடியும் வரைபடம். இந்த முறை தொகுதி தொகுதியாக, நானூற்று முப்பத்தைந்து. அதே மாதம் டிசம்பர் கூட்டத்தின் அழைப்பும் வந்தது. அதில் ஐவரையும் சுடுகிற ஒரு விடயம் இருந்தது. காட்டுக்குள் சபைக்கு ஒரு மரக்குடில் உண்டு. பிறந்தநாளுக்கும் பூப்பு விழாவுக்கும் தமிழர்கள் அதைத்தான் எடுப்போம். ஒலிபெருக்கி வைக்கும் விழாக்களுக்கு இனி அதைக் கொடுப்பதில்லை என்று பிரேரணை. பீல் அண்ணையின் பேத்திக்கு முதலாவது பிறந்தநாள் மாசியில். குடில் பேசி வைத்தாயிற்று.

"இதை விடேலாது," என்றார் அவர். "அஞ்சு பேரும் போறம். நாங்கள்தான் இதில ஊசல்."

"ஏழரைக்கு," என்றேன் நான். "உண்மையான ஏழரை."

"தெரியும் ஐசே," என்று கண்ணடித்தார்.

கூட்டத்தில் தலைவர் வாக்கு எண்ணுபவர்களைக் கேட்டார். வழக்கமாக எண்ணும் கிழவர் காலை முறித்துக்கொண்டு முதியோர் இல்லத்தில் இருந்தார். ஆசிரியை எழுந்து அந்தப் பெண்ணின் பெயரைச் சொன்னார். கைதட்டி ஏற்றுக்கொண்டார்கள். அவர் முன்வரிசைக்குப் போய் ஒரு பென்சிலும் துண்டுக் கடதாசியும் வாங்கிக்கொண்டார். மண்டபத்தின் ஒரு பாதி அவருக்கு, மறுபாதி மற்ற எண்ணுபவருக்கு; துப்பாக்கிச் சங்கத்து மனிதர் அவருடைய பாதியில்தான் இருந்தார்.

காட்டுக்குடில் எட்டேகாலுக்கு வந்தது. நான் பேசினேன். ஆசிரியையும் பேசினார். ஒலிபெருக்கி மான்களைக் கலைக்கிறது என்று காட்டுப் பொறுப்பாளர் சொன்னார். பிரேரணைக்கு ஆதரவாகக் கைகள். அந்தப் பெண் வரிசை வரிசையாக நடந்து, பென்சிலை ஒவ்வொரு கைக்கும் நேரே நீட்டி, உதடு அசைய எண்ணினார். ஜெர்மனில் எண்ணினார். பிறகு எதிரான கைகள். எண்ணுகிறவருக்கும் வாக்கு உண்டு. அவர் பென்சில் பிடித்த கையை உயர்த்தித் தன்னை முதலாவதாக எண்ணிக்கொண்டு மற்றவர்களை எண்ணினார். கடதாசியில் எழுதி அடிக்கோடிட்டார்.

கதவு திறந்தது. ஐவரும் வாசலில். உள்ளே கைகள் இறங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்த பீல் அண்ணைக்கு, ஒருமுறையாவது விடயம் உடனே விளங்கிவிட்டது. கையைத் தூக்கினார். மற்ற நால்வரும் தூக்கினார்கள்.

"நாங்கள் அஞ்சு பேர் இருக்கிறம்! எதிர்! எதிர்!"

மண்டபம் திரும்பிப் பார்த்தது. தலைவர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். எண்ணுகிறவரின் சொல்தான் அங்கே முடிவு.

"எண்ணி முடிஞ்சுது," என்று அவர் ஜெர்மனில் சொன்னார்.

"தங்கச்சி," என்றார் பீல் அண்ணை, கையை இறக்காமலே. "நாங்களெல்லோ உமக்குக் கை தூக்கினாக்கள்."

"ஓம் அண்ணன்," என்றார் அவர். "அண்டைக்கு நேரத்துக்கு வந்தீங்க."

கடதாசியைத் தலைவரிடம் கொடுத்தார். தலைவர் மற்றவர் எண்ணியதையும் கூட்டி வாசித்தார். பிரேரணை இரண்டு வாக்குகளால் நிறைவேறியது. அந்தப் பெண் பென்சிலைத் திருப்பிக் கொடுக்காமல், அடுத்த விடயத்துக்கு எண்ணுவதற்காகத் தன் பக்கத்து வரிசைகளை மறுபடி ஒருமுறை பார்த்தார். இப்போது அதில் ஐந்து தலை கூடியிருந்தது.